எந்தத் தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். பதிலுக்கு உன் நலம் கேட்பது முறை. நீ இருக்கும் இடத்தை நினைத்தால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

தீர்ப்பு சொன்ன அன்று நான் கோர்ட்டுக்கு வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். முழங்கால் வலி என்று வக்கீல் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். வலி உண்மை. அதனால்தான் வரவில்லை என்பது உண்மையில்லை. அந்தக் கட்டடத்தின் வாசலில் என்னைத் தெரிந்தவர் யாராவது பார்த்து, "நீங்க எங்க இங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசித்தேன். புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. உறையின் பின்புறம் சிறையின் பெயரை முழுதாக எழுதி, கைதி எண்ணையும் போட்டிருக்கிறாய். தபால்காரர் அதைக் கீழ் வீட்டுக்காரர்கள் முன்னால் நீட்டி, "அம்மா, உங்களுக்குத்தான்" என்றார். அவர் குரல் உனக்குத் தெரியும். மாடி வரை கேட்கும். அப்படி எழுதுவது விதி என்றால் இனி வக்கீல் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. 'மேல்முரையீடு' என்று எழுதியிருக்கிறாய். வல்லின 'ற' போட வேண்டும். நீதிபதி கைக்குப் போகும் காகிதத்தில் இப்படி எழுதிவைக்காதே. வழக்கு தோற்றாலும் எழுத்தாவது நிற்க வேண்டும் என்று எங்கள் கான்வென்ட் மதர் சொல்லியிருப்பார்.

அக்கா பேசினாள். அவள் மாமியார் உன்னைப் பற்றி விசாரித்தாராம். கம்பெனி வேலையாக வெளியூரில் இருக்கிறாய் என்று அவளும் சொல்லியிருக்கிறாள், நானும் அதையே சொல்லி வருகிறேன். மருந்துக் கம்பெனிக்காரன் ஊர் ஊராகச் சுற்றுவது சகஜம் என்பதால் யாரும் மேலே கேட்பதில்லை.

துண்டுகளும் ஒரு கம்பளிச் சட்டையும் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா

இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கு: இதில் மறைபொருள் எதுவும் கிடையாது. படித்தபின் மடித்த மடிப்பிலேயே மடிக்கவும்.


மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

துண்டும் சட்டையும் வந்தன. கடிதம் மடித்த மடிப்பிலேயே வந்தது. படிக்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்கம்மா டீச்சரா?" என்று கேட்டார். "இல்ல சார், அதுக்கும் மேல" என்றேன்.

இங்கே எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்துக் கம்பெனி என்று தெரிந்ததிலிருந்து தலைவலி, வயிற்றுவலி எல்லாம் என்னிடம்தான் வருகிறது. "டாக்டர், மாத்திரை கேஸ்ல வந்துட்டு மாத்திரை இல்லங்கறீங்களே" என்று கேலி வேறு. சிரித்துவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீட்டுக்காக (ற சரிதானே?) வக்கீல் அம்மா பழைய விசாரணைக் காகிதங்களை வரி வரியாகப் படித்திருக்கிறார். போதை மாத்திரைப் பை கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நம் பழைய அலமாரியில். அதற்குப் பூட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நான் பையை வைத்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் எதிர் வீட்டு ஆடிட்டர் சார் மட்டும்தான். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பையை வைத்தது யார்?"

"ஒரு தம்பி."

"அந்தத் தம்பி இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா?"

"தம்பியா? இதோ நிற்கிறாரே."

உடனே 'சாட்சி எதிரியை அடையாளம் காட்டினார்' என்று பதிந்துவிட்டார்கள். எதிரி என்றால் நான். கோர்ட்டு பாஷை அப்படி. இதைப் படித்துவிட்டு வக்கீல் அம்மா, "உங்கள வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். "தம்பி" என்றேன். "கட்டடத்துல இருக்கிறவங்க?" "அவங்களும் தம்பின்னுதான். அக்கா சின்ன வயசுல கூப்பிட்டுப் பழக்கினது, எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

புரிகிறதா அம்மா? அவர் சொன்ன தம்பி யாரோ. கோர்ட்டில் அவர் காட்டிய தம்பி நான். சாட்சிக்கு ஏற்கனவே என்னைத் தெரியும் என்று எழுதிக்கொண்டதால் அடையாள அணிவகுப்பும் வைக்கவில்லை. நாலு பேரோடு வரிசையில் நிற்கவைத்து இதில் யார் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

வக்கீல் அம்மா அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். கோர்ட் விஷயம் எதுவும் பேச மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டாராம். நீங்கள் போனால் சாத்த மாட்டார். அவர் சொன்னதை மாற்றச் சொல்ல வேண்டாம். எந்தத் தம்பி என்று மட்டும் கேளுங்கள். எதிர் வீடுதானே.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வக்கீல் ஆபீஸில் வாங்கிக்கொண்டேன். அங்கே நாற்காலியில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, "உங்களுக்கும் ஜெயில் கேஸா?" என்று சினிமாவுக்கு டிக்கெட் கிடைத்ததா என்பதுபோலக் கேட்டார். வக்கீல் எனக்கு உறவு என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. காரணங்களைச் சொல்கிறேன்.

ஆடிட்டர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். லிஃப்டில் தவறிப்போய் வேறு மாடியின் பட்டனை அழுத்திவிட்டால், உள்ளே நிற்கும் குழந்தையிடமும் மன்னிப்புக் கேட்பவர். அப்படிப்பட்டவர் கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னதை, "சரியாகத்தான் பார்த்தீர்களா?" என்று போய்க் கேட்பது அவரை அவமதிப்பது. அந்தச் சாட்சி நாளிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. அவர் லிஃப்டுக்கு வந்தால் நான் படியில் இறங்குகிறேன். அவர் வணக்கம் வைத்தால் சாவியைத் தேடுவதுபோலப் பையைப் பார்க்கிறேன். அவர்மேல் கோபம் இல்லை. அவர் பார்த்தவர் என்பதால் அவரைப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு காரணம். அந்தக் கதவைத் தட்டினால், "என் மகன் ஜெயிலில் இருக்கிறான்" என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

வேறு ஏதாவது வழி இருந்தால் வக்கீல் அம்மா பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா


ஏப்ரல் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

சரி. புரிகிறது.

மனு போட இன்னும் நாள் இருக்கிறது, வேறு ஏதாவது யோசிப்போம் என்று வக்கீல் அம்மா சொன்னார். அவர் குரலில் தெம்பு இல்லை. அதை விடுங்கள்.

படியில் இறங்குவதாக எழுதியிருந்தீர்கள். நாலு மாடி. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை? லிஃப்டிலேயே போங்கள். அவர் உள்ளே இருந்தால் பேச வேண்டாம், மேலே மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நான் உள்ளே இருப்பதற்கு உங்கள் கால் தண்டனை அனுபவிக்க வேண்டாம்.

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி.

நீ சொன்னதற்காக லிஃப்டில் போகத் தொடங்கினேன். போன வாரம் ரிப்பேர் நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் கீழே உட்கார்ந்து கம்பிகளைப் பிரித்துப் போட்டிருந்தார். நரைத்த தலை, பேரப்பிள்ளை எடுத்திருக்கக்கூடிய வயது. நானும் ஆடிட்டரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது ஆடிட்டர் அவரிடம், "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கேட்டார்.

உன் கடிதத்தை நான் எத்தனையோ முறை படித்திருந்தேன். அப்போதெல்லாம் அது வக்கீல்கள் செய்யும் சொல் விளையாட்டு என்றுதான் பட்டது. அந்த நரைத்த தலையைப் பார்த்தபோதுதான் நீ எழுதியது எனக்குப் புரிந்தது.

"சார், நீங்க யாரையெல்லாம் தம்பின்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை நாள் பேசாதவள் திடீரென்று கேட்டதில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா கேள்வி இது? என்னைவிடச் சின்னவங்க எல்லாரையும்தான். எனக்கு எண்பது தாண்டிடுச்சு. ஊர்ல பாதிப் பேரு எனக்குத் தம்பி, மீதிப் பேரு தங்கச்சி."

மெக்கானிக் சிரித்தார். அவர் முன்னால் மேலே பேச எனக்கு விருப்பமில்லை. "உங்க வீட்டுல ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றேன். இரண்டு பேரும் படியேறினோம், மாடிக்கு மாடி நின்று. முன்னறையில் அவர் நாற்காலியில் இருந்த பழைய செய்தித்தாள்களை எடுத்துவிட்டு என்னை உட்காரவைத்தார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னிக்குப் படிக்குக் கீழ பையை வெச்சது எந்தத் தம்பி?"

"யாரோ ஒரு தம்பிம்மா. முதுகைத்தான் பாத்தேன். குட் ஈவினிங்னேன். திரும்பவே இல்லை, விடுவிடுன்னு போயிட்டாரு."

"என் மகன் இல்லையா?"

"உங்க மகனா இருந்தா நின்னு பதில் சொல்லியிருப்பாரே. நீங்க வளர்த்த பிள்ளையாச்சே."

தம்பி, இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அடுத்த வரிக்கு வர நேரமாயிற்று.

"அப்ப கோர்ட்டுல ஏன் சார் அவனைக் காட்டினீங்க?"

"தம்பி இருக்காரான்னு கேட்டாங்க. இருந்தாரு. இதோ நிக்கிறாரேன்னு சொன்னேன். அவ்வளவு பெரிய ஹால்ல, கறுப்புக் கோட்டுக்காரங்களுக்கு நடுவுல, தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தது எனக்கே ஆறுதலா இருந்துச்சும்மா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அதை வெச்சா உள்ள போட்டாங்க?"

"அதை வெச்சுத்தான் சார். என் மகன் ஜெயில்ல இருக்கான்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

"தம்பி கையிலயே மாத்திரையைப் பிடிச்சிருப்பாங்கன்னுல்ல இருந்தேன். ஏதோ பையைப் பாத்தீங்களான்னு கேட்டாங்க, பாத்ததைச் சொன்னேன். நீங்களும் பேச்சை விட்டுட்டீங்க. பெத்தவங்களுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும், நாம போய்க் கிளற வேண்டாம்னு நானும் ஒதுங்கிட்டேன். அந்த வக்கீல் பொண்ணையும் திருப்பி அனுப்பிட்டேனே."

அவர் மரியாதைக்காகப் பேசவில்லை, நான் மானத்துக்காகப் பேசவில்லை. நடுவில் நீ.

அன்றே ஷூ போட்டுக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குக் கிளம்பினார். கயிற்றைக் கட்ட அவரால் குனிய முடியவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா


மே 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வக்கீல் அம்மா நேரில் வந்து சொன்னார். உங்கள் கடிதமும் வந்தது. என்னைப் பார்த்தால் தண்டனை முடிந்தவன் மாதிரி இருக்கிறது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். "டாக்டர் கிளம்பிட்டா இனி வயித்துவலிக்கு யாருய்யா" என்று ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

ஆடிட்டர் சார் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டார். ஆனால் சர்க்கார் தரப்பில், பக்கத்து வீட்டுக்காரர் பரிதாபப்பட்டுப் பேச்சை மாற்றுகிறார் என்கிறார்கள். அதனால் இரண்டு பேரையும் நேரில் கேட்க வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். அவரையும், வீட்டில் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதைச் சொல்ல உங்களையும்.

கோர்ட்டு. கூண்டில் ஏறி, இன்னார் அம்மா என்று சொல்ல வேண்டும். வெளியே வராந்தாவில் கூட்டம் இருக்கும். உங்களால் முடியாது என்றால் அக்காவைக் கேட்கிறேன். அவளுக்கு மாமியார் வீட்டில் பிரச்சினை வரும், ஆனாலும் வருவாள்.

என்னை அழைத்து வர மாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அது உங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கலாம்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவைக் கேட்க வேண்டாம் என்று சொல்லி நானே போனேன். என்ன நடந்தது என்பதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆடிட்டர் நன்றாகச் சொன்னார். சர்க்கார் வக்கீலையே இரண்டு தடவை 'தம்பி' என்று கூப்பிட்டார். நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் உன்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதையும், கட்டடத்தில் எல்லாரும் அப்படியே கூப்பிடுவதையும் சொன்னேன். அதோடு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

சர்க்கார் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, உங்க மகனைப் பார்க்க ஜெயிலுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"போகலை."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

"ஆடிட்டர் தப்பாச் சொல்லிட்டாருன்னு அப்பவே உங்களுக்குத் தோணலையா?"

"தோணலை."

"அப்ப உங்க மகன்தான் செஞ்சாருன்னு நீங்களும் நம்பியிருக்கீங்க."

நம் வக்கீல் அம்மா எழுந்து ஆட்சேபித்தார். விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம் என்றார் நீதிபதி. சொல்கிறேன் என்றேன்.

"ஆமா. நம்பினேன்."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏன் அப்படி நம்பினீங்க?"

"போலீஸ் பிடிக்கறதுக்கு முன்னாடி மூணு மாசமா நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்தான். எங்க போறான்னு சொல்லலை."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலை."

"எப்ப வரைக்கும் நம்பினீங்க?"

"ஆடிட்டர் சார் அது என் மகன் இல்லைன்னு சொல்ற வரைக்கும்."

இவ்வளவுதான். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். கேள்வி வந்தபோது என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. கூண்டிலிருந்து இறங்கியபோது, தலையை நிமிர்த்தியே நடந்து பழகிய நான் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வராந்தாவில் கூட்டம் இருந்தது. யாராவது என்னைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. அன்று அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

சாதகமாகவே முடியும் என்கிறார் வக்கீல் அம்மா. வீட்டில் உன் அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா


ஜூலை 9

அம்மாவுக்கு,

போன வாரம் வெளியே வந்துவிட்டேன். தண்டனை ரத்து. ஜெயில் வாசலில் ஆடிட்டர் சார் நின்றிருந்தார். உங்களை வர வேண்டாம் என்று சொல்லும்படி வக்கீல் அம்மாவிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்காக மன்னிக்க வேண்டும்.

தீர்ப்பில் உங்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. தன் மகனைக் குற்றவாளி என்று நம்பியதையே மறைக்காத இந்தச் சாட்சி, அவனைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்வார் என்று கருத இடமில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார். ஆக, நான்தான் செய்தேன் என்று நீங்கள் நம்பியதால் எனக்கு விடுதலை. இதற்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் சில நாள் எழுதாமல் இருந்தேன்.

கம்பெனியில் கூட வேலை பார்த்தவன் ஒருவனோடு அவன் ஊரில் தங்கியிருக்கிறேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை. கடையிலேயே வேலையும் தருவதாகச் சொல்கிறார்கள்.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். ஒன்றைத் தேடினேன். "என் மகன் இல்லையா?" என்று ஆடிட்டர் சாரிடம் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதை என்னிடம் கேட்கவே இல்லை. பிடித்துக்கொண்டு போன அன்றும் கேட்கவில்லை, ஜாமீனில் வீட்டில் இருந்த நாட்களிலும் கேட்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டோம். தட்டில் போட்டீர்கள், தண்ணீர் வைத்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "இல்லம்மா" என்று சொல்லியிருப்பேன்.

கோபம் இல்லை. அந்த மேசையில் உங்கள் எதிரில் வந்து உட்கார இப்போது முடியவில்லை, அவ்வளவுதான். விலாசம் கீழே இருக்கிறது. கடிதத்துக்கு மட்டும். வர வேண்டாம்.

தம்பி


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

வர மாட்டேன். உன் சாமான்களையும் அனுப்பவில்லை, நீ கேட்டால் அனுப்புகிறேன். அக்காவின் மாமியாரிடம் நானே போனில் பேசி எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இத்தனை நாளா தனியாவா சுமந்தீங்க?" என்றார். அதற்கு எனக்குத் தகுதி இல்லை. சுமந்தவன் நீ.

நீ எழுதியது சரி. நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாய், எனக்கு நம்பிக்கை வராது, அந்த அவநம்பிக்கையை நீ என் முகத்தில் பார்த்துவிடுவாய் என்று பயந்தேன். அதனால் தட்டில் போட்டேன், தண்ணீர் வைத்தேன். நீ அதையும் பார்த்திருக்கிறாய்.

இப்போது கேட்கிறேன். வழக்கு முடிந்துவிட்டது, இந்தப் பதிலால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. விருப்பம் இருந்தால் எழுது, எத்தனை நாள் கழித்தானாலும் சரி. அந்த மூன்று மாதம் வேலை முடிந்ததும் எங்கே போய்க்கொண்டிருந்தாய்? யாரோடு இருந்தாய்? போலீஸ் வந்து கதவைத் தட்டிய மாலையில், அதற்கு முன்னால், உன் மனதில் என்ன இருந்தது?

நீ எழுதுவதை நான் யாரிடமும் போய் விசாரிக்க மாட்டேன்.

அம்மா